கொழம்புக்குள்ள நீந்துன கெண்டை

நான் சந்தேகத்தோடயே பொறந்தவ. எங்கம்மை பால் குடுக்கையிலயே இதுல தண்ணி கலந்திருக்காளோன்னு முறைச்சுப் பாப்பேனாம். மீன்கடை போட்டிருக்கவளுக்கு அந்தக் குணம் இல்லேன்னா பொழைப்பு நாறிப் போகும் பாத்துக்கிடுங்க. செவுளத் தூக்கிப் பாக்காம மீனை வாங்காதே, கண்ணுக்குள்ள பாக்காம மனுசன நம்பாதேங்கது என் சட்டம். அதனால எங்க நெடுவாகைகுளத்துக் கெண்டை கொழம்புச் சட்டிக்குள்ள நீந்துன கதைய நான் சொன்னா நீங்க தைரியமா நம்பலாம், ஏன்னா அதை மொதல்ல நம்பாதவ நாந்தான்.

ஊருக்கு மேக்க குளம், குளத்துக்கும் மேக்க மலை. குளத்துல மீன் பிடிக்குத உரிமைய, அதான் மீன்பாசிய, ஏலம் எடுத்திருக்கது எங்க வீட்டுக்காரர் வெள்ளப்பாண்டி. அவரு வலை போட்டுக் கொண்டாருவாரு, நான் கரைமேல தார்ப்பாயக் கட்டிக்கிட்டு, அரிவாமணையப் போட்டுக்கிட்டு, செதில் உரசி, குடல் எடுத்து, துண்டு போட்டு விப்பேன். வலை போட ஏலக்காரனுக்கு மட்டுந்தான் உரிமை, ஆனா தூண்டில் போடுதவன யாரும் தடுக்கப்பிடாதுங்கது ஊர்க் கட்டுப்பாடு. ஒத்த ஆளு, ஒத்த முள்ளு, அவன் கொண்டு போறது ஒரு நேரக் கொழம்புக்குத்தானேன்னு பெரியாளுக வச்ச வழக்கம். அந்த வழக்கத்துக்குள்ளதான் அவ பூந்துக்கிட்டா.

அவன்னா உலகேஸ்வரி, எங்க எதுத்த வீட்டுக்காரி. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கா. ஆளுக்குள்ள என்ன இருக்குன்னு வெளிச்சம் போட்டுப் பாக்குத வேலை, அதுலயே எனக்கு அவமேல ஒரு கண்ணு. புருசன் செந்தூர்பாண்டி பஸ் டிரைவரு, ரெண்டும் பொம்பளப் பிள்ளைக, பெரியவ நிவேதா, சின்னவ பொம்மி. காலையில எங்க வீட்டு ஜன்னல் வழியாப் பாத்தா அந்த வீட்டுக்குள்ள ஒரு சூறாவளிதான் சுத்தும். இட்லிய ஊத்துவா, ஊத்தின கையோட சடைய பின்னுவா, பின்னின கையோட ஹோம்வொர்க்குல கையெழுத்துப் போடுவா, போட்ட கையோட புருசனுக்குக் காக்கிச் சட்டைய தேய்ப்பா, தேய்ச்ச கையோட பாத்திரத்த விளக்குவா, விளக்கின ஈரத்தோட பஸ்ஸுக்கு ஓடுவா. சாயங்காலம் வந்து அதையே பின்னால இருந்து முன்னால செய்வா. இதுல சந்தேகப்பட ஒண்ணும் இல்ல, எல்லா வீட்டுலயும் நடக்கதுதான்.

சந்தேகம் வந்தது அந்த மஞ்சத் தொட்டி வந்த பெறகு. ஒருநாள் குட்டியானை வண்டியில ஒரு ஆளு மட்டும் உக்காருத மாதிரி நீளமா ஒரு பிளாஸ்டிக் ஓடம் வந்து எறங்கிச்சு, ரெண்டு முனையிலயும் தட்டையா இலை வச்ச மாதிரி ஒரு துடுப்பு, ரீல் வச்ச தூண்டில் கம்பு. குத்தாலம் பக்கம் ஏதோ ரிசார்ட்ட மூடுதாவன்னு கேட்டு சல்லிசா வாங்கிட்டாளாம். கயாக்குன்னு பேராம். எங்க ஊரு வாயில அது நுழையல, மஞ்சத் தொட்டின்னே வச்சுக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை விடிஞ்சு வெயில் ஏறுததுக்குள்ள ஒரு மணிநேரம் அந்தத் தொட்டிய குளத்துல தள்ளிக்கிட்டு நடுவுக்குப் போயிருவா. அந்த ஒரு மணிநேரம் பிள்ளைகள புருசன் பாக்கணும். பாத்தானோ இல்லையோ, பிள்ளைக ரெண்டும் பிஸ்கட்டத் தின்னுக்கிட்டு டிவி முன்னால இருக்கும்.

சரி, பொழுதுபோக்கு, தொலையட்டும்னு விட்டிருப்பேன். ஆனா எங்க வீட்டுக்காரர் ஒருநாள் வலைய உதறிக்கிட்டே சொன்னாரு, "பேச்சி, எதுத்த வீட்டுப் பிள்ளை நல்லா பெரிய கெண்டையாப் பிடிக்கி. பிடிச்சுட்டு, திரும்பத் தண்ணியிலயே விட்டுருது."

எனக்கு அரிவாமணையில இருந்த கை அப்படியே நின்னு போச்சு. பிடிச்ச மீனை விடுததா? கழுவுத மீன்ல நழுவுத மீனைக் கேட்டிருக்கேன், பிடிச்ச மீனை நழுவ விடுத கையை நான் கேட்டதே இல்ல. திங்கதுக்குப் பிடிக்கலாம், விக்கதுக்குப் பிடிக்கலாம், ரெண்டும் இல்லாம மீனைப் பிடிக்கவளுக்கு உள்ள வேற ஏதோ இருக்கணும். ஊருக்குள்ள நான் சொன்னேன், ஊரும் சொல்லிச்சு. ஆம்பளப் பிள்ளை வேணும்னு நேர்ந்திருக்கான்னு ஒருத்தி, அடுத்த ஏலத்துக்கு மீனை எண்ணுதான்னு ஒருத்தன், நடுக்குளத்துல யாரையோ பாக்கான்னு ஒரு சவம். அப்படிச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும், இப்ப வேண்டாம். ஊர் வாய மூட உலைமூடி ஏது.

ஆவணி மாசம் ரெண்டாவது தெரு ஞானத்தாய் என்கிட்ட ஒரு கெண்டை வாங்கிட்டுப் போனா. நாந்தான் உரசி, அறுத்து, தலை தனியா வாலு தனியாத் துண்டு போட்டுக் குடுத்தேன். அது செத்துப் போன மீனு, அதுல எனக்கு ஒரு சொட்டுச் சந்தேகம் கிடையாது. ஞானத்தாய் புளி கரைச்சு, மசாலா அரைச்சு ஊத்தி, கொதி வந்ததும் துண்டுகளப் போட்டு மூடியிருக்கா. செத்த நேரத்துல சட்டிக்குள்ள சளக்குன்னு ஒரு சத்தம். மூடியத் தூக்கினா துண்டெல்லாம் தலை முன்னால வாலு பின்னால வரிசை தப்பாம ஒட்டிக்கிட்டு, முழுக் கெண்டை கொதிக்கிற கொழம்புல வெந்தயத்த ஒதுக்கிக்கிட்டு வட்டம் போட்டு நீந்துது. ஞானத்தாய் அலறவெல்லாம் இல்ல. ஒரு கரண்டி எடுத்து உப்புப் பாத்தா, சட்டிய எறக்கினா, நேரா என் கடைக்கு வந்தா.

"பேச்சியக்கா, நீ குடுத்த மீனு வேகமாட்டேங்கு. மாத்திக் குடு."

"வேகாத மீனு உலகத்துல உண்டாட்டி? அடுப்பக் கூட்டி வை," ன்னேன்.

"கூட்டித்தான் வச்சேன். கூட்டக் கூட்ட அது வெரசா நீந்துது."

போய்ப் பாத்தேன். நீந்திச்சு. செவுள் ரெத்தமாச் செவந்து, கண்ணு பளபளன்னு, என்னையப் பாத்ததும் திரும்பிக்கிட்டு அந்தப் பக்கமாப் போச்சு. கரண்டியில அள்ளி மேல தூக்கினேன். வாயோட வலது ஓரத்துல ஆறிப்போன ஒரு ஊசித் தழும்பு. தூண்டில் முள்ளு குத்தின தழும்பு. தூண்டில் குத்தின மீனு எங்க குளத்துல உசுரோட திரிய வழியே இல்ல, குத்துபட்ட அன்னைக்கே சட்டிக்குப் போயிரும். அப்போ இது ஒருத்தி குத்தி எடுத்து விட்ட மீனு. எனக்கு வேற சாட்சி வேண்டாம்.

அதுக்குப் பெறகு வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு தழும்பு மீனு வலையில வர ஆரம்பிச்சுது. சனங்க மொதல்ல சண்டைக்கு வந்தாவ. கடையில மீனை எடுத்தா எடையக் கேக்குததுக்கு முன்னால உதட்டத்தான் பாப்பாவ. தழும்பு இருந்தா வேண்டாம்பாவ. ஆனா ஞானத்தாய் கையில மாத்து மீனு குடுக்கும்போது அவ பழைய மீனத் திருப்பித் தரல, அதையும் நான் கவனிச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா அவ வீட்டுல தெனமும் மீன் கொழம்பு மணக்குது, கடைப் பக்கம் ஆளைக் காணோம். ஜன்னலுக்குக் கீழ நின்னு எட்டிப் பாத்தேன். கள்ளி, கொழம்பு கொதிக்கையில அந்தக் கெண்டைய உள்ள விடுதா, அது பத்துச் சுத்து சுத்தி ருசியெல்லாம் எறக்கிட்டுக் கிடக்கு, எடுத்துக் கழுவி தண்ணி டிரம்முல விடுதா, மறுநாளும் அதே மீனு. கரண்டி போட்டுக் கிண்டவும் வேண்டாம், மீனே கிண்டிருது, அடியும் பிடிக்காது.

பெறகென்ன, ஊரே அதைப் பிடிச்சுக்கிட்டு. வீட்டுக்கு ஒரு தழும்பு மீனு. இல்லாத வீட்டுக்காரி இருக்கவகிட்ட, "மைனி, ஒங்க மீனை ஒரு கொதிக்கு மட்டும் குடுங்க"ன்னு தூக்குவாளியோட நிப்பா. நல்லாப் புளி ஏறின மீனுக்கு மதிப்பு கூடிப் போச்சு, பொண்ணு பாக்கப் போன எடத்துல எங்க வீட்டு மீனு ரெண்டு வருசமா ஓடுதுன்னு ஒருத்தர் பெருமையாச் சொன்னாராம், வந்தே ஆறு மாசம் ஆகல. பல்லுப் போன கிழடுகளுக்குச் சந்தோசம், முள்ளே கிடையாது. பல்லு இருக்கவனுக்குத்தான் கோவம், கடிக்க ஒண்ணும் இல்லையேன்னு. சைவம் சாப்பிடுத வீட்டுக்காரங்க ரெண்டு பேரு கோயில் நடையில வச்சு ஒரு நாள் பூரா வாதம் பண்ணினாவ, உசுரு போகல்லேன்னா அது சைவந்தானேன்னு. முடிவு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்தத் தெருவுல ஒரு வீட்டுக் கொல்லையில ராத்திரியும் பகலும் மூடியே வச்சிருக்க ஒரு டிரம்மு இருக்கு.

என் கடைதான் ஈயாடிச்சு. எங்க வீட்டுக்காரர் கரையில உக்காந்து வலைய வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாரு. வயித்தெரிச்சல்ல எனக்குச் சோறு எறங்கல. இவ அந்த மீனுகள என்ன செய்யுதா? மந்திரமா, மருந்தா, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வெளிச்சத்த இதுக மேல காட்டுதாளா? கண்டுபிடிக்காம விடப்பிடாதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளனத்துல போய்க் கோரைப்புல்லுக்குள்ள இடுப்பளவு தண்ணியில நின்னேன். அட்டை கடிச்சுது, நின்னேன்.

மஞ்சத் தொட்டி வந்துது. அவ துடுப்பக் குறுக்க வச்சிட்டு, காலை நீட்டிக்கிட்டு, தூண்டில வீசினா. பொறவு ஒண்ணும் செய்யல. செல்போனு இல்ல, பாட்டு இல்ல, வாயில முணுமுணுப்பு இல்ல. சும்மா இருந்தா. ஒரு பொம்பளை சும்மா இருக்கத நான் அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாத்தேன், அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்துது. கம்பு வளைஞ்சுது. பதறாமச் சுத்தி எடுத்தா. கைய நனைச்சுக்கிட்டு மீனத் தாங்கி, முள்ள எடுத்து, தண்ணிக்குள்ளயே பிடிச்சிருந்து, அதுக்கு மூச்சு சீரானதும் அதுகிட்ட என்னமோ சொன்னா. வாய் அசைஞ்சத நான் பாத்தேன். என்ன சொன்னான்னு கேக்கல. கையத் தொறந்தா. மீனு போச்சு.

அந்தச் சொல்லுலதான் சூது இருக்குன்னு ஊரக் கூட்டினேன்.

மடைக்குப் பக்கத்துல சங்கக் கட்டடத்துல கூட்டம். தலைவர் அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி நாற்காலியில, ஆம்பளைக பெஞ்சுல, நாங்க வாசப்படியில. உலகேஸ்வரி வேலைக்குப் போற சேலையோட பைய வந்து நின்னா. பக்கத்துல செந்தூர்பாண்டி.

"உலகு, நீ படிச்ச பிள்ளை," ன்னாரு அண்ணாச்சி. "ஒன்னால ஏலக்காரன் பொழைப்பு கெடுது. மீனுகிட்ட நீ என்னத்தச் சொல்லுத? மறைக்காமச் சொல்லிரு."

அவ ஒரு நிமிசம் முழிச்சா. பெறகு சிரிச்சா. "அதுவா மாமா? 'போ, ஒன்னைக் கழுவ எனக்கு நேரமில்ல'ன்னு சொல்லுவேன்."

நான் நம்பல. "பொய்யி. ஒரு நேர்ச்சையும் இல்ல, மந்திரமும் இல்லேன்னா எதுக்குட்டி பிடிச்சத விடுத?" ன்னு வாசப்படியில இருந்தே கத்தினேன்.

"பேச்சியக்கா, அதை வீட்டுக்குக் கொண்டு போனா யாரு உரசுவா? யாரு அறுப்பா? மசாலா யாரு அரைப்பா? கொழம்பு வச்ச பெறகு கவுச்சி நாறுத சட்டிய யாரு விளக்குவா? எனக்கு மீனு பிடிக்கணும்னு ஆசை. அதைக் கொண்டு போய் இன்னொரு வேலையாக்கிக்கிட எனக்குத் தெம்பு இல்ல. அந்த ஒரு மணிநேரத்துல என்னைய யாரும் அம்மான்னு கூப்பிடமாட்டாவ, ஏளான்னு கூப்பிடமாட்டாவ, சிஸ்டர்னு கூப்பிடமாட்டாவ. அது மட்டும் இல்லேன்னா நான் கிறுக்கு பிடிச்சுப் போயிருவேன் மாமா. அதை மட்டும் எடுத்துராதீங்க."

செந்தூர்பாண்டி நல்லவன்தான், ஆனா ஆம்பளைக்கே உள்ள கூறு. "இதுல என்ன இருக்கு," ன்னான். "இனிமே பிடிக்கத வீட்டுக்குக் கொண்டு வந்துரட்டும் சித்தப்பா. கொழம்பு வச்சாப் போச்சு."

பெஞ்சு முழுக்க ஆமா ஆமான்னு தலையாட்டிச்சு. எவ்வளவு லேசாத் தீர்ந்து போச்சுங்க மாதிரி ஒருத்தனுக்கொருத்தன் பாத்துக்கிட்டாவ.

அவ புருசனத் திரும்பிப் பாத்தா. "பிடிக்கது நான். கழுவுதது யாரு?"

அண்ணாச்சி துண்டத் தோளு மாத்திப் போட்டுக்கிட்டு, "இதென்ன கேள்வி," ன்னு சொல்லித் தீர்ப்பச் சொன்னாரு. பிடிக்க மீனை வீட்டுக்குக் கொண்டு போறேன்னு ஒத்துக்கிடணும், அது வரைக்கும் துடுப்பு மடை ரூமுல பூட்டிக் கிடக்கட்டும். வலை வைக்க ரூமு அது, பூட்டோட தொறவா எங்க வீட்டு ஆணியிலதான் தொங்கும். அவ ஒத்துக்கிடவும் இல்ல, அழவும் இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. நான் கேட்டது கிடைச்சுப் போச்சு. ஆனா அன்னைக்கு முழுக்கக் கடையில மீனை உரசும்போது அந்தக் கேள்வி தொண்டையில முள்ளாட்டம் குத்திக்கிட்டே இருந்துது. சோத்து உருண்டைய முழுங்கினா எறங்குத முள்ளு இல்ல அது.

மஞ்சத் தொட்டி அவ வீட்டுக் கொல்லையில குப்புறக் கிடந்துது. சின்னவ பொம்மி அதுமேல ஏறி சறுக்கி விளையாடும். ஞாயித்துக்கிழமை காலையில இப்ப அவ துணி துவைச்சா. துவைச்ச கையோட மாவு அரைச்சா.

அந்த வாரம் ஞானத்தாய் உலகு வீட்டுக்குப் போனா. நான் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், காதும் நல்லாக் கேக்கும். ஞானத்தாய் மாமியாக்காரி வாயிக்கு எங்க ஊருல ஈடு கிடையாது, உப்பு கூடினாலும் ஏசுவா, கூடாட்டாலும் ஏசுவா. ஞானத்தாய் உலகு முன்னால கைய நீட்டினா.

"உலகு, என்னையும் ஒரு தடவை பிடிச்சு விடேன்."

"என்னக்கா சொல்லுதிய?"

"நீ விட்ட மீனு என் சட்டியில எம்புட்டு கொதிச்சாலும் வேகல. நான் பதினாறு வருசமா வெந்துக்கிட்டிருக்கேன். பிடிச்சு விடு."

உலகு சிரிச்சுக்கிட்டே அவ மணிக்கட்ட ஈரக்கையால பிடிச்சா. பெறகு சிரிப்பு நின்னு போச்சு. ஞானத்தாய் மூச்சு சீராகுத வரைக்கும் பிடிச்சிருந்தா. "போங்கக்கா, ஒங்களக் கழுவ எனக்கு நேரமில்ல," ன்னு சொல்லிக் கைய விட்டா.

அன்னைக்கு மத்தியானம் அந்த மாமியாக்காரி வழக்கம்போல ஆரம்பிச்சா. ஞானத்தாய் கண்ணக் கூட மூடாம, அந்த ஏச்சுக்குள்ளயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாப் போயி, சோத்த வடிச்சு, கூட்ட எறக்கி, முத்தத்துல காத்தாட உக்காந்துக்கிட்டா. கிழவி தொண்டை கட்டிப் போயி அவளே தண்ணி மோந்து குடிச்சா.

சும்மா இருப்பாளுகளா மத்தவளுக? ரேஷன் கடைக்குப் போற மாதிரி பையத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தியாப் போனாளுக. ஆஸ்பத்திரிக்கே போயி, உடம்புல ஒண்ணும் இல்லாமலே எக்ஸ்ரே ரூமுக்கு வெளிய நின்னவளுக உண்டு. அவ, "மூச்ச இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க"ன்னு சொல்லுதா இல்லையா, அதோட சேத்து இதையும் சொல்லி விட்டுருவா. திரும்பி வந்தவளுக வேலை செய்யாம ஒண்ணும் இல்ல. சோறு பொங்குனாளுக, பிள்ளைகளக் குளிப்பாட்டுனாளுக, ஆனா என்ன கொதிச்சாலும் வேகல. புருசன் தட்டத் தூக்கி எறிஞ்சா, தட்டு கீழ கிடக்கும், இவ பாட்டுக்கு இன்னொரு தட்டுல சாப்பிடுவா. எறிஞ்சவனே குனிஞ்சு எடுக்கணும்.

ஆம்பளைகளுக்கு இப்ப என்னைய விடச் சந்தேகம். பக்கத்துல வந்து ஏதோ ஆசையாப் பாக்க மாதிரிப் பொஞ்சாதி உதட்டோரத்தப் பாத்தாவ, தழும்பு இருக்கான்னு. அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி வீட்டு மதினியே போயிட்டு வந்துட்டாவன்னு கேள்விப்பட்டேன். ஒருநாள் அண்ணாச்சி எங்க வீட்டுக்கு வந்து, சுத்தி யாரும் இருக்காவளான்னு பாத்துட்டு, "வெள்ளப்பாண்டி, அந்தத் துடுப்ப அந்தப் பிள்ளைகிட்டயே குடுத்துரு. மீனையே விட்டுக்கிட்டுக் கிடக்கட்டும். அதாவது தேவல," ன்னாரு. எங்க வீட்டுக்காரர், "பாப்போம் அண்ணாச்சி," ன்னாரு. அவரு பாப்போம்னா அடுத்த ஏலத்துக்குப் பாப்பாரு.

நான் மட்டும் போகல. எனக்குச் சந்தேகம் தீரல. இத்தனை பேரைப் பிடிச்சு விட்டாளே, இவள யாரு பிடிச்சு விட்டா? ஜன்னல் வழியா நான் பாக்கேனே, அவ ஒடுங்கிப் போயிருந்தா. ரொம்ப நேரம் அடுப்புல கிடந்த மீனு கரண்டி பட்டாலே உதிரும் பாருங்க, அப்படி இருந்தா. ஒருநாள் பொம்மி அம்மா அம்மான்னு முந்தானையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு, இவ அடுப்பப் பாத்துக்கிட்டு நிக்கா, காதுல விழல. பால் பொங்கி வழியுது, அணைக்கல. கிறுக்கு பிடிச்சுப் போயிருவேன் மாமான்னு அவ சொன்னது பொய்யின்னுதான் நான் நெனச்சிருந்தேன்.

மறு ஞாயித்துக்கிழமை காலையில ஆணியில கிடந்த தொறவாய எடுத்தேன். வீட்டுக்காரர் தூங்குதாரு, கேக்கவும் இல்ல. மடை ரூமத் தொறந்து துடுப்பத் தோளுல வச்சுக்கிட்டுத் தெரு நடுவுல நடந்து வந்தேன், பாக்கவ எல்லாம் பாக்கட்டும்னு.

அவ வீட்டு அடுக்களையில புகையும் ஆவியுமா இருந்துது. ராத்திரிப் பாத்திரம் மலை மாதிரி குமிஞ்சு கிடக்கு, மேல தோசைக் கல்லு, நிவேதா சடைய அவுத்துப் போட்டுக்கிட்டு நிக்கா, முன் ரூமுல இருந்து செந்தூர்பாண்டி, "ஏளா, டீ என்னாச்சு," ங்கான்.

துடுப்பச் சுவத்துல சாத்தினேன். அவ அதப் பாத்தா. பாத்துட்டு, "இப்ப எதுக்குக்கா, நேரமே இல்ல," ன்னுட்டுப் பாத்திரத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

நான் அவ மணிக்கட்டப் பிடிச்சேன். இந்தக் கை எத்தனையோ மீனப் பிடிச்ச கை. பிடிச்ச ஒண்ணக் கூட விட்டதில்ல, விடத் தெரியவும் தெரியாது. அவ நாடி என் விரலுக்குக் கீழ படபடன்னு அடிச்சுது, கரையில தூக்கிப் போட்ட கெண்டைக்கு அடிக்குமே, அதே அடி. சீராகட்டும்னு பிடிச்சிருந்தேன். எனக்கு அழுகை வந்துட்டு, எதுக்குன்னு தெரியல, கோவமும் வந்துது.

"போ, உலகு," ன்னேன். "பாத்திரத்த நான் கழுவுதேன்."

கைய விட்டேன்.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. பெறகு துடுப்பத் தூக்கிக்கிட்டு, செருப்பக் கூடப் போடாம, கொல்லை வழியா ஓடினா. மஞ்சத் தொட்டி தரையில தரதரன்னு இழுபடுத சத்தம் வாய்க்கால் வரைக்கும் கேட்டுது. பொம்மி வாசல்ல நின்னு டாட்டா காட்டிக்கிட்டே இருந்துது.

சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நான் ஆரம்பிச்சேன். டீ வரலையேன்னு செந்தூர்பாண்டி எழுந்து வந்தான். வந்தவன் நிலைப்படியிலயே நின்னுட்டான். "அக்கா, நீங்க எதுக்கு எங்க வீட்டுப் பாத்திரத்த?"

"அன்னைக்குக் கூட்டத்துல அவ ஒரு கேள்வி கேட்டா தம்பி. எவனும் பதில் சொல்லல. அதான் நான் வந்தேன்."

அவன் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "நவுருங்கக்கா," ன்னு என் கையில இருந்த தேங்காநார வாங்கினான். நிவேதா அவனுக்குச் சோப்பு எடுத்துக் குடுத்தா. அடுக்களை ஜன்னல்ல இருந்து பாத்தா குளம் தெரியும். நடுத் தண்ணியில மஞ்சளா ஒண்ணு அசையாம நின்னுது, தூண்டில் கூட வீசல, சும்மா இருந்தா.

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல. ஆம்பளை கழுவுன பாத்திரத்த நான் நம்புததில்ல. "அடியில தேயும் தம்பி, கரி அங்கனதான் நிக்கும்"னு பக்கத்துலயே நின்னு, ஒவ்வொண்ணா வாங்கி, மோந்து பாத்துத்தான் கவுத்தி வச்சேன்.